வீட்டு வார்ப்பியந்திரமும் சங்கத்தின் கடமையும்

கைத்தொழில் செய்வோர் தம் கருவிகளைத் தம் ஊரிலேயே செய்வித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தறியின் சட்டத்தை ஊர்த் தச்சர் இழைத்தார். ஏரின் இரும்பு வேலையை ஊர்க் கொல்லர் செய்தார். ஓர் உறுப்பு ஒடிந்தால் மாலைக்குள் மாற்று உறுப்பு கைக்கு வந்துவிடும். இன்றோ தறியிலும் கழனியிலும் புழங்கும் சிறு பொருள்களிற் பல பிளாஸ்டிக்கினால் ஆனவை. ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி பிளாஸ்டிக். சொட்டுநீர்க் குழாயைத் தரையில் பிடித்து நிறுத்தும் முளை பிளாஸ்டிக். ஒட்டுக்கட்டிய நாற்றைத் தாங்கும் கவ்வியும் பிளாஸ்டிக். இவற்றுள் ஒன்று ஒடிந்தால் தச்சரிடமும் செல்ல இயலாது. கொல்லரிடமும் செல்ல இயலாது. கடைக்கே செல்ல வேண்டும். கடையில் அவ்வளவினதாகிய பொருள் இல்லையெனில், தறி ஓரிரு நாள் ஓய்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே அண்மைக் காலத்தில் நம் சுற்றுப்பயணங்களில் சங்க அங்கத்தினர், சிறப்பாக இளைஞர், நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். “பிளாஸ்டிக்கை உருக்கி அச்சினுள் செலுத்தும் சிறு இயந்திரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்கிறார்களே, அதற்குச் சங்கம் கடன் தருமா?” என்பதே அக்கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. செய்துகொள்ளலாமா என்பது ஒன்று. கடன் தரலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்பதும், இரண்டாவதற்கு வேண்டா என்பதும் நம் விடை. கடன் வேண்டா என்றவுடன் எவரும் மனம் வருந்துதல் கூடாது. கடனினும் மேலான ஓர் உதவியைச் சங்கம் செய்யக்கூடும். அதனை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் புதியதன்று

இவ்வகை இயந்திரம் ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையது. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் என்பவரும் அவர் சகோதரர் ஐசையாவும், செல்லுலாய்டு என்னும் பொருளை வார்ப்பதற்காக 1872ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றனர். சூடேற்றிய உருளை ஒன்று. அதனுள் இறங்கும் தண்டு ஒன்று. தண்டு தள்ள, உருகிய பொருள் அச்சினுள் பாய்ந்து உறையும். மருத்துவர் ஊசி போடும் குழலின் செயலும் இதுவே. 1946ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹென்ட்ரி என்பவர் தண்டுக்குப் பதிலாகச் சுழலும் திருகை அமைத்தார். இன்று தொழிற்சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் அத்திருகு இயந்திரங்களே. வீட்டில் செய்யத்தக்கதோ ஹையட் சகோதரர் கண்ட பழைய தண்டு இயந்திரந்தான். 2013ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு இளைஞராகிய டேவ் ஹாக்கன்ஸ் என்பவர், கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தும் சிறு இயந்திரங்களின் வரைபடங்களை யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு வெளியிடத் தொடங்கினார். கையால் இயக்கும் வார்ப்பியந்திரமும் அவற்றுள் ஒன்று. அதனைப் பார்த்துப் பல நாடுகளில் பலர் செய்திருக்கின்றனர்.

அதன் உறுப்புகள் மிகச் சில. கனத்த இரும்புக் குழாய் ஒன்று உருளையாகும். அதன் உட்புறம் பற்றவைத்த தழும்பு இன்றி வழவழப்பாக இருத்தல் வேண்டும். தழும்பு இருப்பின் தண்டு சிக்கும். குழாயின் கீழ்முனையில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளையுள்ள மூக்கு. மேற்பக்கம் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொட்டுவதற்குப் புனல். குழாயைச் சுற்றி இரண்டு ஹீட்டர் பட்டைகள். சூட்டை அளந்து, குறித்த அளவு வந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. தண்டைக் கீழே தள்ளும் நீண்ட நெம்புகோல். இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம். இவ்வளவே. ஊர்தோறும் உள்ள அடிகுழாயின் கைப்பிடியை அழுத்தியவர்க்கு நெம்புகோலின் தத்துவத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. நல்ல கடைசல் பட்டறையும் பற்றவைப்பவர் ஒருவரும் கிடைப்பின், சில நாள் வேலையில் இயந்திரம் உருவாகிவிடும். 250 வாட் பட்டை இரண்டும் இடைவிடாது எரிந்தாலும், மணிக்கு அரை யூனிட் மின்சாரமே செலவாகும். எனினும் தறிக்கென அரசு அளிக்கும் மின்சலுகையை இதற்குப் பயன்படுத்தலாகாது என்பதை ஆய்வாளர் என்ற முறையில் இங்கேயே கூறிவைக்கிறோம்.

கையின் வலிமையும் அதன் எல்லையும்

இயந்திரம் எளிது என்பதனால் அதனிடம் எதனையும் எதிர்பார்க்கலாம் என்று எண்ணுதல் தவறு. சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 30 கிலோகிராம் வலிமையுடன் நெம்புகோலை அழுத்துகிறார் என்றும், நெம்புகோல் அதனைப் 10 மடங்காக்குகிறது என்றும் கொள்வோம். தண்டின்மீது 300 கிலோகிராம் அழுத்தம் விழும். தண்டின் குறுக்களவு 25 மில்லிமீட்டர் எனில், அதன் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்டிமீட்டர். ஆகவே உருகிய பிளாஸ்டிக்கின்மீது சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் அளவே அழுத்தம் கிடைக்கும். தொழிற்சாலை இயந்திரங்களில் இவ்வழுத்தம் 700 கிலோகிராமும் அதற்கு மேலும் இருப்பது வழக்கம். தண்டை 20 மில்லிமீட்டராகக் குறைத்தால் அழுத்தம் 95 கிலோகிராமாக உயரும். ஆனால் 15 சென்டிமீட்டர் தண்டு இறங்கும்போது வெளிவரும் பொருள் 73 கன சென்டிமீட்டரிலிருந்து 47ஆகக் குறையும். அழுத்தம் வேண்டுமெனில் அளவு குறையும். அளவு வேண்டுமெனில் அழுத்தம் குறையும். இரண்டும் வேண்டுமென்றால் கை போதாது.

இதனால் விளங்குவன யாவை? மெல்லிய சுவருடைய டப்பாக்களும், பெரிய தட்டுகளும், வாளிகளும் கை இயந்திரத்தில் ஆகா. நாற்றுவிடும் குழித்தட்டுகள் இவ்வியந்திரத்துக்கு உரியவையே அல்ல. அவை சூடேற்றிய தகட்டை அச்சின்மீது உறிஞ்சி இழுத்துச் செய்யப்படுபவை. சொட்டுநீர் சொட்டும் கண்களும் ஆகா. அவற்றின் உள்வழி அவ்வளவு நுட்பமானது. கனமும் சிறுமையும் ஒருங்கே உடைய பொருள்களே இதற்கு ஏற்றவை. முளை, கவ்வி, கைப்பிடி, குமிழ், வளையம், கட்டைக்குறுகிய குச்சி ஆகியவை ஆகும்.

வேகத்திலும் எல்லை உண்டு. பிளாஸ்டிக் சூட்டை எளிதிற் கடத்தாது. புதிதாகக் கொட்டிய துண்டுகள் நடுப்பகுதி வரை உருகுவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு வார்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நிமிடம் கொண்டால் மணிக்கு 6 பொருள். ஆறு மணி நேரம் தறியை விட்டு எழுந்து நின்றால் 36 பொருள். தொழிற்சாலையிலோ ஒரே அச்சிற் பல குழிகளை வெட்டி, ஒரு நிமிடத்துக்குள் அத்தனையையும் வார்த்துத் தள்ளுகின்றனர். ஆதலின் கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளை வீட்டில் வார்த்து விற்றுப் பிழைக்கலாம் என்பது வீண் ஆசை. அந்த ஆறு மணி நேரம் தறியில் அமர்ந்திருப்பின் எத்தனை முழம் நெய்திருக்கலாம் என்று நெசவாளரே கணக்கிட்டுக் கொள்ளட்டும். கடையில் கிடையாத பொருளுக்கும், பழைய தறியின் பழைய அளவுக்கும், தன் நிலத்துக்கே உரிய தேவைக்கும் இவ்வியந்திரம் பயன்படும். இது பழுது நீக்கும் கருவியேயன்றிப் பிழைப்புக் கருவி அன்று.

அச்சே பெருஞ்செலவு

நெசவாளர்க்கு அச்சு என்றால் பாவு இழைகள் புகுந்து வரும் தறியச்சு நினைவுக்கு வரும். ஈண்டு நாம் கூறும் அச்சு வேறு. பட்டறைக்காரர் மோல்டு என்றும் டை என்றும் வழங்குவர். இரண்டு உலோகப் பலகைகள்; அவற்றின் உட்பக்கத்தில் பொருளின் உருவம் பாதி பாதியாகக் குடையப்பட்டிருக்கும்; இரண்டும் பிசகின்றிப் பொருந்துவதற்கு முளைகள்; உருகிய பொருள் வருவதற்கு வாய்க்கால்; உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கு மயிரிழையினும் நுண்ணிய வழி. கை இயந்திரத்தின் அழுத்தம் குறைவாதலின் எஃகு வேண்டா, அலுமினியம் போதும். ஆயினும் குடையும் வேலை நுட்பமானது. இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பெருங்கேடில்லை; அச்சில் கால் மில்லிமீட்டர் பிசகினால் பொருள் உதவாது.

மூன்று செய்திகளை அச்சுச் செய்விப்போர் மறத்தலாகாது. முதலாவது சுருக்கம். உருகிய பிளாஸ்டிக் உறையும்போது சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் 100 பங்குக்கு 1 முதல் 2½ பங்கு வரை சுருங்கும். 2 பங்கு என்று கொண்டால், 120 மில்லிமீட்டர் நீளப் பொருள் ஏறத்தாழ 2½ மில்லிமீட்டர் குறையும். 8 மில்லிமீட்டர் துளையும் 0.16 மில்லிமீட்டர் சிறுக்கும். இரண்டாவது சரிவு. சுருங்கும் பொருள் நடுக்கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். கம்பி ஒரு முனையில் சிறிதே மெலிந்திருந்தால்தான் பொருளை உருவி எடுக்க இயலும். மூன்றாவது பூட்டு. சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் அழுத்தம், 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பொருளின்மீது படும்போது, கணக்கின்படி அச்சுப் பலகைகளை 1,200 கிலோகிராம் விசையுடன் பிரிக்க முயலும். ஆகவே கையாற் பிடித்தோ, கயிற்றாற் கட்டியோ வார்க்க எண்ணுதல் பேதைமை. திருகாணிகளால் முடுக்க வேண்டும். அல்லது பட்டறை இடுக்கியில் இறுக்க வேண்டும்.

இயந்திரம் ஒன்றே பல பொருள்களை வார்க்கும். அச்சோ ஒரு பொருளுக்கே உதவும். ஐந்து பொருள் வேண்டுமெனில் ஐந்து அச்சு வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் வேண்டிய தார்க்குச்சிகளை வார்ப்பதற்கு அவ்வச்சு இரண்டு மூன்று நாள் உழைத்தாற் போதும். எஞ்சிய நாளெல்லாம் அது பரணில் உறங்கும். தனியொருவர் தனித்து வாங்கத் தகாத பொருள் ஒன்று உண்டெனில் அது இதுவே.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

இதனை நாம் நூலறிவு கொண்டு மட்டும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், இளம் அங்கத்தினர் ஒருவர் இவ்வியந்திரத்தைத் தாமே செய்திருந்தார். பழைய அடிகுழாயின் கைப்பிடியே நெம்புகோல். சட்டம் பழைய இரும்பு. அவருடைய கைத்திறனைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். தம் வீட்டுத் தறிக்கும் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கும் தார்க்குச்சி வார்ப்பது அவர் எண்ணம். அச்சுக்காக நகரத்துப் பட்டறையில் கொடுத்த தொகை, இயந்திரம் முழுவதற்கும் ஆன தொகையினும் மிகுதி. அத்தொகையை வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தார். மரத் தார்க்குச்சி ஒன்றை அப்படியே மாதிரியாகக் கொடுத்திருந்ததனால், சுருக்கத்துக்கு இடம் விடப்படவில்லை. வார்த்த குச்சிகளின் துளை சிறுத்து, நாடாவின் கம்பியில் ஏறவில்லை. ஒவ்வொன்றையும் அரத்தினால் துளைத்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த பணம் அச்சிலேயே கரைந்தமையால், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஹீட்டர்ப் பட்டைகளை நேரே மின்சாரத்தில் இணைத்து, சூடு மிகுந்தால் கையால் நிறுத்துவது அவர் வழக்கம். மழைக்கு அஞ்சி இயந்திரத்தைத் தறி இருக்கும் கூடத்திலேயே வைத்திருந்தார். ஒரு நாள் மாலை மின்சாரம் நின்றது. சுவிட்சை அணைக்க மறந்து அவர் வெளியே சென்றார். மின்சாரம் மீண்டும் வந்தது. தடுப்பார் இல்லாமையால் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. உருகி ஒழுகிய பிளாஸ்டிக் தரையிற் படிந்திருந்த பஞ்சுத் துசியில் விழுந்து பற்றிக்கொண்டது. அயலார் ஓடி வந்து அணைத்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தறியில் ஏற்றியிருந்த பாவு பாதிக்கு மேல் கருகிவிட்டது.

அப்பாவு அவருடையதன்று, சங்கத்துடையது. கூலிக்கு நெய்து தருமாறு சங்கம் கொடுத்த நூல். இருப்பில் குறைவு கண்டால் அதனைப் பதிவு செய்தல் ஆய்வாளரின் கடமை. நாம் பதிவு செய்தோம். நூலின் விலை அவர் பெயரில் பற்று எழுதப்பட்டு, மாதந்தோறும் கூலியிற் பிடிக்கப்பட்டது. விதிப்படி அது சரியே. ஆயினும் அவ்வறிக்கையில் கையொப்பமிட்டபோது நம் மனத்தில் எழுந்த கேள்வி இன்றும் நீங்கவில்லை. குறை அவருடையது மட்டுந்தானா? இயந்திரம் செய்கிறார் என்பதை நிர்வாகக் குழுவினர் அறிந்திருந்தனர். தறிக்கூடத்தில் வைக்காதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அச்சுக்கு வழி காட்டுவாரும் இல்லை. முந்திய ஆய்வில் அதனைக் கண்டு மகிழ்ந்த நாமும், சூட்டை எவ்வாறு அளக்கிறாய் என்று கேட்கவில்லை. அச்சின் பாரம் ஒருவர் தலையில் விழுந்தது. அதனால் காப்புக் கருவிக்குப் பணம் இல்லாமற் போயிற்று. அதனால் பாவு எரிந்தது. மூலகாரணம் அச்சிலே இருக்கிறது.

உருக்கத் தக்கனவும் தகாதனவும்

சங்கம் செய்யத்தக்கதைக் கூறுமுன், மூலப்பொருளைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அன்று. பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 2 என்பது அடர்த்தி மிக்க பாலிஎதிலீன். 4 என்பது அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன். 5 என்பது பாலிப்ரொப்பிலீன். இம்மூன்றும் கை இயந்திரத்துக்கு ஏற்றவை. அடர்த்தி மிக்க பாலிஎதிலீன் 130 டிகிரி அளவிலும், பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி அளவிலும் உருகும். அச்சினுள் நன்கு ஓடுவதற்கு 200 முதல் 230 டிகிரி வரை சூடு வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வகையையே உருக்க வேண்டும். கலந்து உருக்கினால் பொருள் ஏடு ஏடாகப் பிரியும்.

எண் 3 என்பது பி.வி.சி. அதனை எக்காரணத்தைக் கொண்டும் உருளையில் இடலாகாது. சூடு மிகுந்தால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயு எழும். அது நுரையீரலையும் கெடுக்கும், இரும்பையும் அரிக்கும். தண்ணீர்ப் பாட்டில்களாகிய எண் 1 வகைக்கு 250 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் முற்றிலும் உலர்ந்த நிலையும் வேண்டுமாதலின் அதுவும் வேண்டா. எண் அழிந்துபோன துண்டுகளைத் தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம். பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி.யும் பாட்டில் பிளாஸ்டிக்கும் அமிழும். அமிழ்ந்ததைத் தள்ளிவிடுக.

விவசாயிகளுக்கு ஒரு சொல். பூச்சிமருந்துக் குப்பிகளிற் பல எண் 2 வகையைச் சேர்ந்தவை. அவையும் தண்ணீரில் மிதக்கும். ஆயினும் அவற்றை உருக்குதல் பெருந்தீங்கு. எத்தனை முறை கழுவினாலும் அவற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது. மூடிகளும், உடைந்த குடங்களும், பழைய சொட்டுநீர்க் குழாய்களும் போதும். குழாய்களும் வெயிலில் நொறுங்கிப்போயிருந்தால் வேண்டா. வார்த்த பொருள் எதுவாயினும் உணவு வைத்து உண்பதற்கு ஆகாது. நனைந்த துண்டுகளை இட்டால் நீராவி எழுந்து, உருகிய பொருள் மூக்கின் வழியே சீறிப் பாயும். கண்ணாடி அணியாமலும், மூக்கின் எதிரே நின்றும் எவரும் வேலை செய்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கது யாது?

இனி நம் யோசனைக்கு வருவோம். இயந்திரம் அங்கத்தினருடையதாக இருக்கட்டும். அச்சு சங்கத்தினுடையதாக இருக்கட்டும். இதுவே நம் கருத்தின் சாரம்.

முதலாவதாக, தங்களுக்கு எப்பொருள் வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பதை அங்கத்தினர் மகாசபையில் கூறட்டும். கடையில் கிடைப்பதை நீக்குக. கை இயந்திரத்தில் ஆகாததை நீக்குக. எஞ்சுவது மூன்று நான்கு பொருளே இருக்கும். அவற்றுக்கு மட்டும் சங்கம் அச்சுச் செய்விக்கட்டும். அச்சுக்கான வரைபடத்தைச் சுருக்கமும் சரிவும் அறிந்தவரிடம் காட்டி ஒப்புதல் பெறுக. சென்னை கிண்டியில் 1968ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிப்பெட் என்னும் மத்திய அரசு நிறுவனம் அச்சு வேலையைக் கற்பித்து வருகிறது. அங்குப் பயின்றவர் பல ஊர்களில் உள்ளனர். மாவட்டந்தோறும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களையும் அணுகிக் கேட்கலாம்.

இரண்டாவதாக, அச்சுகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, நாள் வாடகைக்கு அங்கத்தினர்க்கு வழங்கட்டும். வாடகை சிறியதாக இருக்கட்டும்; ஆனால் இலவசமாக இருத்தல் வேண்டா. இலவசமாகக் கொடுத்த பொருள் எண்ணெய் பூசப்படாமல் திரும்பி வருவதை நாம் அறிவோம்.

மூன்றாவதாக, அச்சை வாங்க வருபவரின் இயந்திரத்தைச் சங்கம் முன்னதாகப் பார்வையிட வேண்டும். தானே நிறுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டா? மின்சாரத்துக்கு நில இணைப்பு உண்டா? தறிக்கும் நூலுக்கும் விலகிய, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா? இம்மூன்றும் இருந்தாலன்றி அச்சு இல்லை. இவ்விதி கடுமையானதாகத் தோன்றலாம். அச்சின் செலவு நீங்கிய அங்கத்தினர்க்கு இக்கருவிகளை வாங்குவது பெருஞ்சுமை ஆகாது.

நான்காவதாக, நெசவாளர் சங்கமும் அயலிலுள்ள விவசாயிகள் சங்கமும் அச்சுகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிடம் தார்க்குச்சி அச்சு. மற்றொன்றிடம் முளை அச்சு. நெசவாளர் வீட்டு இயந்திரம் நடவுக் காலத்தில் முளை வார்க்கட்டும். விவசாயி வீட்டுப் பழைய குழாய் நெசவாளருக்கு மூலப்பொருள் ஆகட்டும்.

சில ஆட்சேபணைகள்

“இதற்குப் பதிலாக ஆளுக்கொரு கடன் கொடுத்துவிடலாமே” என்பாரும் உளர். கடன் கொடுத்தால் பத்துப் பேர் பத்து அச்சு வாங்குவர். பத்தும் ஒரே அச்சாக இருக்கும். ஒவ்வொன்றும் ஆண்டு முழுதும் உறங்கும். கடன் மட்டும் உறங்காது. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. அது போதாது என்று கண்டு, 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் இடம் தந்தது. கடன் கொடுப்பது ஒன்றே கூட்டுறவு அன்று என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. நம் மனம் மட்டும் இன்னும் 1904இலேயே நிற்கிறது.

“நெசவாளர் சங்கத்துக்குப் பிளாஸ்டிக்கு எதற்கு? அரசே தடை செய்திருக்கிறதே” என்று கேட்பாரும் உளர். 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை, ஒரு முறை பயன்படுத்தி வீசி எறியும் பைகளும் தட்டுகளும் குவளைகளும் போன்றவை. நாம் கூறுவது அதற்கு நேர் மாறானது: வீசி எறிந்ததை மீண்டும் கருவியாக்குவது. உடைந்த தார்க்குச்சியையே மறுபடி உருக்கலாம். பலமுறை உருக்கினால் வலிமை குன்றுமாதலின் புதிய துண்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“துணை விதிகள் இடம் தருமா?” என்பது நிர்வாகக் குழுவினரின் கேள்வி, நியாயமான கேள்வி. தொழிற்கருவிகளை வாங்கியோ செய்வித்தோ அங்கத்தினர்க்கு அளித்தல் என்ற நோக்கம் விதிகளில் இருப்பின் தடை இல்லை. இல்லையெனில் மகாசபையில் முறைப்படி திருத்தம் கொண்டுவர வேண்டும். விதியை மீறி நல்லது செய்தாலும், தணிக்கையில் அது குற்றமாகவே நிற்கும்.

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் பங்கு சேர்த்து ஒரு சிறு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்றவையே அக்கடையின் சரக்கு. தனித்தனியே சென்றபோது கலப்படப் பொருள் பெற்றவர்கள், கூடி நின்றபோது நல்ல பொருள் பெற்றனர். வீட்டை அவரவர் நடத்தினர்; தனித்து இயலாததை மட்டும் பொதுவில் வைத்தனர். நம் யோசனையும் அவ்வளவே. ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆனால் கோலம் போடுவதற்கு ஊர் கூட வேண்டியதில்லை.

முன்னே கூறிய இளைஞரின் அச்சு இன்று சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. அவர் கணக்கில் நூலின் பற்று இன்னும் தீரவில்லை. அவ்வச்சின் குறை பெரிதன்று. நடுக்கம்பியைச் சிறிது பருத்த கம்பியாக மாற்றினால் துளை சரியாகிவிடும். நியாய விலைக்குச் சங்கமே அதனை வாங்கி, அத்தொகையை அவர் பற்றில் வரவு வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவினர்க்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறோம். அடுத்த மகாசபை அதனை முடிவு செய்யும். குறைவைப் பதிவு செய்த அதே பேனாவினால், அவ்வரவையும் பதிவு செய்யும் நாள் விரைவில் வருமென்று நம்புகிறோம். இவ்விதழைப் படிக்கும் பிற சங்கத்தாரும், தங்கள் ஊரில் எவர் வீட்டுக் கூடத்திலாவது இத்தகைய இயந்திரம் தறிக்கு அருகே நிற்கிறதா என்று இன்றே சென்று பார்ப்பாராக.